மாமா திருத்திய ரேட்டு

பிப்ரவரி 12

என் அருமைக் கணக்குப் புலிக்கு,

கடை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலு வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு உன் மாமா எழுதுகிறேன். நாலு பேரில் ஒருவர் வழி கேட்க வந்தவர், இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர். ஆனாலும் நிற்கிறார்கள் இல்லையா?

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தைக்கு முழங்கால் மட்டும் வலிக்கிறது. வாய் வலிப்பதாக இதுவரை தகவல் இல்லை.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இந்த மாதம் உன் நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தாய். படித்த கையோடு தெருவில் இறங்கி, "முப்பத்தெட்டு!" என்று அறிவித்தேன். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே முப்பத்தெட்டு? இடுப்பளவா?"

"யோவ், ரேட்டுய்யா. சர்வதேச ரேட்டு!"

அப்புறம் அவருக்கு நம் ஏற்பாட்டை விளக்கினேன். இதுவரை பத்துத் தடவை விளக்கியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார். நல்ல மனுஷன்.

"என் பொண்ணு சின்னக்குட்டி அங்க படிக்கிறா. என் அக்கா மக அதே ஊர்ல வேலை பார்க்கிறா. அவ மாசாமாசம் என் பொண்ணு கையில அந்த நாட்டுப் பணம் இருநூறு குடுத்துடுவா. நான் அந்த இருநூறை ரேட்டால பெருக்கி, இங்க எங்க அக்கா கையில நம்ம பணமா குடுத்துடுவேன். பணம் கடல் தாண்டறதே இல்லை. கமிஷன் கிடையாது, வரிசையில நிக்கறது கிடையாது. எந்த வங்கிக்காரனுக்காவது தோணுச்சா இது?"

"ரேட்டு யாருண்ணே சொல்றது?"

"என் மருமகதான். நம்ம பேப்பர்ல பெரிய தேசத்துப் பணம் நாலைத்தான் போடறான். அவ தேசம் சின்னது, அதுல வராது. அவ ஆபீஸுக்குக் கீழேயே பணம் மாத்தற கடை. வாசல்ல போர்டு. முதல் தேதி பார்த்து எழுதிடுவா."

இந்தத் தெருவில் எனக்கு இப்போது 'ரேட்டு மாமா' என்று பெயர். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுப் போனது, இல்லாவிட்டால் இந்நேரம் நிதி அமைச்சரே என்னிடம் வந்து காத்திருப்பார்.

ரேட்டு கொஞ்சம் அவசரமாகத்தான் ஏறுகிறது, இல்லையா? மூன்று வருஷத்துக்கு முன்னால் நாம் ஆரம்பித்தபோது இருபத்தாறு. எனக்கு ஒன்றும் இல்லை, உன் நாட்டுப் பணத்துக்கு மூச்சு வாங்குமே என்றுதான் கவலை. பார்த்தால் சொல்லி வை, மெதுவாக ஏறட்டும்.

வியாபாரம் கொட்டுகிறது. போன வாரம் மந்திரி வீட்டுக்கே கண்ணாடி வெட்டினேன். கடையின் பின்பாதியில் இப்போது வேறு ஆட்கள் வேலை செய்கிறார்கள், நான் முன்பக்கம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மாவின் மாடிக்கு ஜன்னல் கண்ணாடி எல்லாம் நானே வெட்டி, நானே ஏறிப் பொருத்தினேன். காசு வாங்கவில்லை. அக்கா தர வந்தாள், "போக்கா" என்று சொல்லிவிட்டேன். மாடி அழகாக வந்திருக்கிறது. நீ அங்கே மிச்சம் பிடித்து அனுப்புகிற காசில் அக்கா கட்டுகிறாள் என்று தெருவே மெச்சுகிறது.

சின்னக்குட்டி கடிதமே எழுதுவதில்லை. இன்னும் ஒரு வருஷம்தானே, படிப்பை முடித்துவிட்டு நேரில் வந்தே பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறாள் போல. காதைத் திருகி எழுதச் சொல்.

ரேட்டுக்கு ராஜா,
உன் ஒரே மாமா

—

மார்ச் 1

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சின்னக்குட்டிக்கும் படித்துக் காட்டினேன். 'இடுப்பளவா' இடத்தில் இருவரும் சிரித்துவிட்டோம். அவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், பிறகு எழுதுவாளாம்.

இங்கே குளிர் குறையவில்லை. அலுவலகத்தில் வருடக் கணக்கு முடிக்கிற சமயம், வீட்டுக்கு வரும்போது கண் எரிகிறது. சின்னக்குட்டிக்கு இந்த மாதம் இருநூறு கொடுத்துவிட்டேன்.

ரேட்டு முப்பத்தொன்பது.

அம்மாவிடம் பணத்தை நீங்களே நேரில் கொடுங்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லையாம். பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

அத்தையின் முழங்காலுக்கு ஒரு உறை வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் கணக்குப் புலி

—

மார்ச் 14

என் உலகப் புகழ் மருமகளுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மாமா வங்கிச் சுவரில் ஏறிவிட்டேன்.

நம் தெருமுனை வங்கிக்கிளையில் புதிதாக வெளிநாட்டுப் பணப் பிரிவு தொடங்குகிறார்கள். அதன் மேனேஜர் என் கடைக்கே வந்தார். கார் வெளியே நின்றது. கார் அவருடையது இல்லை, பக்கத்து மருந்துக்கடைக்கு வந்தவருடையது, ஆனால் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. கையில் ஒரு பெரிய அச்சிட்ட தாள், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"இதுக்கு ஃபிரேம் போட்டுக் கண்ணாடி வைக்கணும். சுவர்ல மாட்டறதுக்கு. ரேட்டுப் பட்டியல், இந்த மாசம் வரைக்கும் பத்து வருஷத்துது. எந்த நாட்டுப் பணம் எந்த மாசம் எவ்வளவுன்னு எல்லாம் இருக்கு."

"ஆளைத் தேடித்தான் வந்திருக்கீங்க சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. தையல்காரர் எட்டிப் பார்த்து, "இவர்தான் சார் ரேட்டு மாமா" என்றார்.

மேனேஜர் போனதும் மேஜைமேல் கம்பளியை விரித்துத் தாளைப் பரப்பினேன். நாற்பது நாட்டுப் பணம். உன் நாடு கடைசிக்கு முந்திய வரிசை. சின்ன நாடு என்றால் எங்கே போனாலும் கடைசியில்தான் நிற்க வைக்கிறான் பார். உன் கடிதங்களை எல்லாம் நான் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாய் எடுத்து ஒத்துப் பார்த்தேன்.

முதல் வருஷம் அச்சு அசல். நீ எழுதியதுதான் அங்கே இருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்கப்புறம்தான் அச்சுக்காரன் தூங்கிவிட்டான். நீ முப்பத்தொன்று என்று எழுதிய மாதம் அவன் இருபத்தெட்டு என்று போட்டிருக்கிறான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அக்கா மாடிக்குத் தூண் எழுப்பிய மாதம் அது. அங்கிருந்து ஒவ்வொரு மாதமும் தப்பு. போகப் போக இன்னும் பெரிய தப்பு. இந்த மாதம் நீ முப்பத்தொன்பது என்கிறாய், அவன் முப்பது என்கிறான்! வேறு எந்த நாட்டு வரிசையில் தப்பு இருக்கிறதோ எனக்குத் தெரியாது, உன் நாட்டு வரிசையில் விட முடியுமா?

உன் அத்தை பக்கத்தில் நின்று அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க."

"கேட்டா, அவங்க தலைமை ஆபீஸைக் கேட்பாங்க, அவன் அச்சகத்தைக் கேட்பான், இது மாட்டறதுக்குள்ள எனக்குக் கிழவயசு ஆயிடும்."

"இப்ப என்ன, குமரனா?"

சிவப்பு மைப் பேனா எடுத்தேன். ஒவ்வொரு தப்பையும் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே உன் ரேட்டை எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக வந்தது, நானே அசந்துபோனேன். அப்புறம் கண்ணாடி வெட்டி, சுத்தம் செய்து, சட்டம் போட்டு, முதுகுக்கு அட்டை வைத்து ஆணி அடித்துக் கொண்டுபோய் நானே மாட்டிவிட்டு வந்தேன். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். காசாளர் பார்த்துவிட்டு, "கண்ணாடி நல்லா பளிச்சுனு இருக்கு" என்றார். கண்ணாடியைத்தான் சொன்னார். எண்களைப் பார்க்கிற அளவு அவருக்கு விஷய ஞானம் இல்லை.

ஒரு வேலை செய். உன் அலுவலகத் தாளில், முத்திரை போட்டு, வங்கிக்கு ஒரு கடிதம் எழுது. 'என் மாமா திருத்தியது சரி' என்று ஒரு வரி போதும். அதையும் ஃபிரேம் போட்டுப் பக்கத்தில் மாட்டுகிறேன்.

அக்காவுக்கு ஏழாயிரத்து எண்ணூறு கொடுத்துவிட்டேன். மாடிப்படிக் கைப்பிடிக்கு அக்காவே ஆள் சொல்லிவிட்டாள்.

தேசத்தின் தவறு திருத்திய,
உன் மாமா

—

மார்ச் 25

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் படித்ததிலிருந்து என்னால் வேலையில் உட்கார முடியவில்லை. எதற்கு மாமா இதையெல்லாம் தொட்டீர்கள்?

தயவுசெய்து அந்தப் படத்தை உடனே இறக்கிவிடுங்கள். கை தவறிக் கண்ணாடி உடைந்துவிட்டது, தாள் கிழிந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிப் புதுத் தாள் கேளுங்கள். அதற்கு ஆகிற செலவை நான் தருகிறேன். மேனேஜரிடம் பேச்சு வளர்க்க வேண்டாம். என் கடிதங்களை யாருக்கும் காட்ட வேண்டாம்.

கடை ரேட்டு வேறு, வங்கி ரேட்டு வேறு. இதெல்லாம் உங்களுக்கு விளக்கினால் குழப்பமாகும். விட்டுவிடுங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து இந்த ஏற்பாடே வேண்டாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு நான் நேராகவே அனுப்பிக்கொள்கிறேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். சின்னக்குட்டிக்கு ஏப்ரல் பணம் மட்டும் கொடுத்துவிட்டேன், அதற்கு நீங்கள் இங்கே எதுவும் தர வேண்டாம்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

—

ஏப்ரல் 9

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே இங்கே கூத்து முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். உன் நாட்டுக்குப் போய்வந்த ஒரு வியாபாரி, செலவழித்தது போக மிச்சப் பணத்தை மாற்ற வங்கிக்குப் போயிருக்கிறார். காசாளர் ஒன்றுக்கு முப்பது என்று எண்ணி வைத்திருக்கிறார். அந்த ஆள் சுவரைப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தாராம். "கண்ணாடிக்குள்ள முப்பத்தொன்பதுன்னு சிவப்புல போட்டிருக்கு, நீ முப்பது தர்ற? மிச்சம் ஒன்பது யார் பாக்கெட்டுக்குப் போகுது?" கவுன்ட்டரில் கூட்டம் கூடிவிட்டது. வாட்ச்மேன் என் கடைக்கு ஓடிவந்தார். நான் சட்டையில் பட்டன்கூடப் போடாமல் போனேன்.

மேனேஜர் கேட்டார், "யார் இதைத் திருத்தினது?"

"நான்தான் சார். நன்றியெல்லாம் வேண்டாம்."

அவர் நன்றி சொல்லவில்லை. என்னை உள்ளே உட்கார வைத்து, ஒரு அலமாரியைத் திறந்து, கயிறு கட்டிய கோப்புகளை எடுத்துப் போட்டார். மாதாமாதம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ரேட்டுச் சுற்றறிக்கையாம். "நீங்களே பாருங்க," என்றார். பார்த்தேன். விரல் வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். இருபத்தெட்டு என்று அடித்த இடத்தில் இருபத்தெட்டுதான் இருந்தது. எல்லாமே அந்த அச்சுக்காரன் போட்டது போலத்தான் இருந்தன.

"கடை ரேட்டு வேற சார்," என்றேன். உன் கடிதம் வராமலே, நீ சொல்லித் தராமலே, அதே பதில் என் வாயில் வந்தது பார்த்தாயா? ரத்தம் ஒன்றுதானே.

"கடைக்கும் வங்கிக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்தான். முப்பது முப்பத்தொன்பதா ஆகாது. அப்படி ஒரு கடை இருந்தா எனக்கும் விலாசம் குடுங்க, வேலையை விட்டுட்டு அங்கேயே நின்னுக்கறேன்."

வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தானே.

அப்புறம் அந்தக் காசாளர், சின்ன வயசுக்காரர், மெதுவாகத்தான் சொன்னார்: "பெரியவரே, உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

அவ்வளவுதான். எனக்குக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "யாரைப் பார்த்து என்ன பேசறே? அவ எட்டு வயசுல என் வீட்டுக்கு வந்தவ. நான் தோள்ல தூக்கி வளர்த்தவ. கடையில மிச்சம் குடுத்தது ஒரு காசு அதிகம்னா திரும்ப நடந்துபோய்க் குடுத்துட்டு வர்றவ. உங்க வங்கி பொய் சொல்லும், சுற்றறிக்கை பொய் சொல்லும், அவ சொல்ல மாட்டா!" வாட்ச்மேன் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். கழுத்தைப் பிடித்து இல்லை, மரியாதையாகத்தான்.

புதுத் தாளுக்கும் புதுச் சட்டத்துக்கும் என் கைக்காசு. பழையது என் கடையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. தெருவில் இந்த வாரம் யாரும் ரேட்டு கேட்கவில்லை. தையல்காரர்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

இந்த மாதம் நீ ரேட்டும் எழுதவில்லை, பணமும் தர வேண்டாம் என்றாய். அது எப்படி? நானே நாற்பது என்று வைத்து அக்காவுக்கு எட்டாயிரம் கொடுத்துவிட்டேன். முப்பத்தொன்பதுக்கு அப்புறம் நாற்பதுதானே வரும்?

பட்டியலை மாட்டிய அன்றைக்கே சின்னக்குட்டிக்கும் எழுதிக் கேட்டிருந்தேன், "அங்கே ரேட்டு எவ்வளவும்மா?" என்று. அதிசயமாக உடனே பதில் வந்தது. அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது, குளிர் விட்டுவிட்டது, பக்கத்து அறைப் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்று ரெண்டு பக்கம். ரேட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

இப்போது நீ ஒரு உதவி செய். வங்கிக்கு வேண்டாம், எனக்கு ஒரு வரி எழுது. போர்டில் பக்கத்து வரிசையைப் பார்த்துவிட்டேன் என்று எழுது. அந்தக் கடைக்காரன் பொய் ரேட்டு போட்டான் என்று எழுது. கண் சரியில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று எழுது. நீ எதை எழுதினாலும் நான் நம்புவேன். நம்புவதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன்.

என்றும் உன் கட்சி,
மாமா

—

ஏப்ரல் 20

மாமாவுக்கு,

நீங்கள் சொல்லிக் கொடுத்த மூன்றில் எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. போர்டைச் சரியாகத்தான் பார்த்தேன்.

முதல் வருடம் உள்ளது உள்ளபடி எழுதினேன். அப்புறம் அம்மா, வாடகைக்கு விட்டிருக்கிற எங்கள் பழைய வீட்டின்மேல் மாடியில் ஒரு அறை இருந்தால் போதும், யார் வீட்டிலும் நிற்க வேண்டாம் என்று எழுதினாள். என் சம்பளத்தில் அது முடியாது. கூடுதலாக எழுதினேன்.

நான் எட்டு வயதில் வந்தேன், தோளில் தூக்கினீர்கள், எல்லாம் உண்மை. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "அக்காவையும் பிள்ளையையும் நான்தான் காப்பாத்தறேன்" என்று நீங்கள் சொல்வதும் உண்மைதானே? அம்மா தட்டில் கை வைத்தபடி அப்படியே இருப்பாள். பால்காரரிடம்கூடச் சொல்வீர்கள். அம்மாவுக்கு ஒரு வாசல் தனியாக வேண்டும் என்று நான் அப்போதே நினைத்துவிட்டேன்.

உங்களுக்கு அது பெரிய தொகை என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் வியாபாரம் கொட்டுகிறது, மந்திரி வீட்டுக் கண்ணாடி, கடையில் வேலை செய்ய ஆட்கள். சின்னக்குட்டிக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவளிடம் கேட்டேன். "அப்பாகிட்ட நிறைய இருக்கு அண்ணி, அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றாள். அவளையும் நீங்கள்தான் அப்படி நம்ப வைத்திருக்கிறீர்கள்.

ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. காப்பாற்றுவதாகச் சொன்னீர்கள், அதை வாங்கிக்கொண்டேன். உங்களுக்குத் திருப்பி வேண்டுமானால் கணக்குப் போட்டு மாதாமாதம் அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நான் சம்பாதித்து அனுப்பியது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மருமகள்

—

மே 6

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு தடவைதான் படித்தேன். உன் அத்தை கேட்டாள், சுகமாக இருக்கிறாளாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் சத்தமாகச் சொன்னேன்தான். இன்றைக்கும் சத்தமாகத்தான் பேசுகிறேன், வேறு மாதிரிப் பேசத் தெரியாது. "மாமா, வாயை மூடுங்க" என்று நீ ஒருநாள் கேட்டிருக்கலாம். மூடியிருப்பேன் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கலாம். அக்காவுக்கு மாடி வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால் கடையை விற்றாவது கட்டியிருப்பேன். அந்த மாடியைக் காட்டிச் சாகும்வரை பெருமையடித்திருப்பேன். அதையும் நீ எனக்கு வைக்கவில்லை.

கடையின் பின்பாதி இப்போது சைக்கிள் கடைக்காரருடையது. போன வருஷம் விற்றேன். அங்கே வேலை செய்கிற ஆட்கள் அவருடைய ஆட்கள். மந்திரி வீடு என்று நான் எழுதியது மந்திரியின் டிரைவர் வீடு, சமையலறை ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி. மாதாமாதம் அக்காவுக்குக் கொடுத்தது அந்தப் பின்பாதிதான். ரேட்டு ஏறினால் ஏறட்டும், சொன்ன சொல் சொன்னதுதான் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

திருப்பி எதுவும் அனுப்பாதே. நீ கணக்குப் போடுவதை இனி நான் பார்க்க விரும்பவில்லை.

சின்னக்குட்டிக்கும் இதையெல்லாம் எழுதிவிட்டேன், உள்ளது உள்ளபடி. கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. இனி அவளுக்கு என்னால் முடிந்ததை வங்கி வழியாக, வங்கி ரேட்டில் அனுப்புகிறேன். போதாவிட்டால் வேலை தேடிக்கொள்ளட்டும்.

இப்போது அக்கா விஷயம்.

முந்தாநாள் அக்கா கடைக்கு வந்தாள். மாதம் பிறந்தால் வருவாள், உனக்குத் தெரியும். நேராக அனுப்பப்போவதாக நீ அவளுக்கு எழுதவில்லை போல. நான் ஒரு அலமாரிக் கதவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா, இந்த மாசம் ரேட்டு என்ன?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா? உனக்கா?"

"தெரியாது."

"மக லெட்டர் போடலையா?"

"போட்டா. ரேட்டு எழுதலை."

"ரேட்டு எழுதாட்டா என்ன, பணம் குடுத்திருப்பால்ல? உன் பொண்ணு கையில இருநூறு குடுத்திருப்பா, எனக்கு நீ இங்க குடுக்கணும். அதானே ஏற்பாடு?"

நான் ஸ்கேலைக் கீழே வைத்தேன். பதில் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டாய் என்பதற்காக இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் மாடி என் கடை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் பேசாமல் நிற்பதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதனால் அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது.

"வங்கியில என்னமோ தகராறாம், ரேட்டுல ஏதோ தில்லுமுல்லாம், தெருவுல பேசிக்கிட்டாங்க. நான் நம்பலை. இப்பத்தான் புரியுது. என் பொண்ணு ராத்திரி பகலா கண்ணெரிய உழைச்சு அனுப்பற காசுடா அது. அதுல கை வைக்கிறியா நீ? என்னை வச்சுக் காப்பாத்தினேன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

தையல்காரர் மெஷின் நின்றுவிட்டது. சைக்கிள் கடையில் காற்றடிப்பது நின்றுவிட்டது. உன் அத்தை உள்ளேயிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள், "அண்ணி, விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தாள். ஒருநாளும் அவள் பேச்சை நான் வெட்டியதில்லை, வெட்டவும் முடியாது. அன்றைக்குக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"உன் மக எழுதுவாக்கா. எல்லாம் எழுதுவா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அக்கா படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனேன், மாடி ஜன்னலைச் சாத்தினாள்.

ஆக, இந்தத் தெருவில் இப்போது நான் அக்கா பணத்தைத் தின்றவன். வாடிக்கையாளர் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டு ரசீது கேட்டார். முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் ரசீது கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தேன்.

அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது ரேட்டு மாமா அளந்துவிட்ட இன்னொரு கதை. அவள் நம்ப மாட்டாள், நம்பினாலும் அந்த மாடியில் படுக்க மாட்டாள். நீ எழுதினால் நம்புவாள். எழுதுவாயோ, இல்லை என்னை இப்படியே விட்டுவிடுவாயோ, எனக்குத் தெரியாது. ஒருகாலத்தில் உன்னைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

எனக்கு இனி எழுத வேண்டாம். தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்: வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி என் பெயருக்கு உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் அப்படியே திருப்பிவிடுங்கள், அக்கா பெயருக்கு வந்தால் மட்டும் நிற்காமல் போய்க் கொடுத்துவிடுங்கள் என்று.

"ரெண்டும் ஒரே நாள்ல வந்தா?" என்று கேட்டார்.

"அக்காவுக்கு முதல்ல குடுங்க," என்றேன்.

மாமா